சிவப்புப் புள்ளி வைத்த பெட்டி

எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, முக்கியமாக என் மனைவி. ஆனால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன் மனிதர்களை நம்ப ஆரம்பித்தால் ஒரு வாரம் தாங்கமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பிரேக் என்று நினைத்துக்கொண்டு எதை மிதிக்கப் போகிறார் என்பது அவருக்கே தெரியாது. அதனால்தான் என் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்திருக்கிறேன். வாயில் தனியாக ஒரு அதட்டல் வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கு இருப்பது ஒரே ஒரு வண்டி. சாம்பல் நிறம், பின்பக்கம் கொஞ்சம் நீளம். அது நடு ரோட்டில் நினைத்தபோதெல்லாம் அணைந்துபோக ஆரம்பித்தது. மெக்கானிக் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு வெகுநேரம் படுத்திருந்துவிட்டு, "பெட்டி போச்சு" என்றார். பெட்டி என்பது வண்டியின் மூளை. இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு அலுமினியப் பெட்டி. எஞ்சின், விளக்கு, ஹார்ன், கதவு எல்லாம் அதைக் கேட்டுத்தான் நடக்கும். குரலும் அதற்குள்தான். பயிற்சி வண்டிகளில் அப்படி ஒரு வசதி உண்டு. ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் எச்சரிப்பதற்கு நம் குரலையே பதிந்து வைத்துக்கொள்ளலாம். நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து மனசாரப் பதிந்திருந்தேன். எனக்குத் தொண்டை கட்டிய நாட்களில் மாணவர்களுக்குத் திட்டு குறைந்துவிடக் கூடாதே.

வண்டி படுத்த நேரம்தான் மோசம். அடுத்த வாரம் அக்காவுக்கு டெஸ்ட்.

அக்கா என்னைவிடப் பெரியவள், ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவாள். அவள் ஊசி குத்தினால் குழந்தைகூடத் திரும்பிப் பார்க்காது, அப்படி ஒரு கை. இத்தனை வருடம் அவளைக் கூட்டிப்போக ஒரு டிரைவர் இருந்தார். இப்போது கூடத்துக்காரர்கள் டிரைவரை நிறுத்திவிட்டு, தானே கார் ஓட்டிப் போகிறவர்களுக்குத்தான் இனி வேலை என்று சொல்லிவிட்டார்கள். லைசென்ஸைக் காட்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்பதுதான் பேச்சு. இந்த டெஸ்ட்டை விட்டால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் அவள் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார். அக்கா ஏற்கெனவே டெஸ்ட்டில் கோட்டை விட்டவள். என் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளுடைய அந்தக் கை நடுங்கும். அவள் நடுங்குவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். ஆத்திரம் வந்தால் என்ன வரும் என்பதுதான் பதிவிலேயே இருக்கிறது.

"புதுப் பெட்டி வர மாசக்கணக்கு ஆகும். இதையே சரி பண்ற ஆள் ஒருத்தர் இருக்கார். எல்லாரும் அவரை சர்ஜன்னுதான் சொல்வாங்க. நானே எடுத்துட்டுப் போய்க் குடுத்துடறேன்" என்றார் மெக்கானிக்.

ரிப்பேருக்குப் போகும் சாமான் எப்படித் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியாதா. உள்ளே இருக்கும் நல்லதை உருவிக்கொண்டு ஓட்டை உடைசலை வைத்து மூடுவார்கள். இல்லாவிட்டால் பெட்டியையே மாற்றிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அலுமினியம். என் தலையில் மிளகாய் அரைக்க விடுவேனா. மனைவியின் நகப்பூச்சை எடுத்து, பெட்டியின் அடியில், வலது மூலையில், யார் கண்ணிலும் படாத மாதிரி சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. மறுநாளே சர்ஜனின் கடைக்குப் போனேன். நெற்றியில் ஒற்றைப் பூதக்கண்ணாடி, கையில் ரப்பர் உறை, பச்சை மேலங்கி. உள்ளே சுவர் முழுக்க அலமாரி, ஒவ்வொரு தட்டிலும் துணி விரித்து அதன் மேல் பெட்டிகள். நான் எட்டிப் பார்த்ததும் அவர் கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"பார்வையாளர் நேரம் முடிஞ்சுது."

"என் பெட்டி எப்படி இருக்குன்னு கேக்கத்தான் வந்தேன்."

"வந்தப்ப ரொம்ப மோசம். இப்பத் தேவலை. காலைல சூடு கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

"பிழைச்சுடுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என் மேலேயே எரிச்சல் வந்தது.

"நாங்க எங்களால ஆனதைச் செய்யறோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

இரண்டு நாளில் பெட்டி வந்தது. பளபளவென்று துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. சர்ஜனுக்கு அழுக்கு ஆகாது. பெட்டி மேல் இருக்கும் எண், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவிவிட்டுத்தான் வேலையில் கை வைப்பாராம். எனக்கென்ன, நான் அடியைத் திருப்பிப் பார்த்தேன். வலது மூலையில் சிவப்புப் புள்ளி இருந்தது. மெக்கானிக்குக்குத் தெரியாமல் சிரித்துக்கொண்டேன்.

பெட்டியைப் பொருத்தி அக்காவை ஓட்டச் சொன்னேன். வண்டி அணையவில்லை. ஆனால் என்ன மிதித்தாலும் இருபத்தைந்துக்கு மேல் போகவில்லை. பட்டப்பகலில் முன்விளக்கு தானாக எரிந்தது. ஹார்னை அமுக்கினால் சத்தமே இல்லை. நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டதும் பின்கதவு மெல்ல, தானாக, மேலே திறந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, யாரும் எதையும் இறக்காததால், திரும்ப மூடிக்கொண்டது.

சர்ஜனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"ஆபரேஷன் ஆன உடம்புங்க. கொஞ்ச நாள் அசதியாத்தான் இருக்கும். அவசரப்படுத்தாதீங்க, அதுக்கு மனசு விட்டுப் போயிடும்" என்றார்.

சரி, அசதிதான் போலிருக்கிறது என்று ஓட்டினோம். தெருவில் நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. நாங்கள் வரும்போது ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். ஒரு லாரி எங்களுக்கு வழிவிட்டு நின்றது. லாரி வழிவிட்டு நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. பின்னால் வந்த கார்கள் முந்திப் போகாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாகத் தொடர்ந்தன. பயிற்சி வண்டிக்கு என்றைக்கு இவ்வளவு மரியாதை என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெரிய அதிசயம் அக்காதான். அந்த வேகத்தில் எனக்குத் திட்ட விஷயமே கிடைக்கவில்லை. பதிந்து வைத்த குரலும் வரவில்லை. அவள் கை நடுங்குவது நின்றது. இரண்டாம் நாள் நான் பக்கத்து இருக்கையில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நேராக நிறுத்தியிருந்தாள்.

"நல்லாத் தூங்கினியா?" என்றாள்.

"எப்படி ஓட்டின?"

"சும்மாத்தான். யாரும் ஒண்ணும் சொல்லல, அதனால ஓட்டிட்டேன்."

டெஸ்ட்டுக்கு முதல் நாள் சாயங்காலம், ஒரு சந்தில் சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்துவிட்டார். ஹார்ன் இல்லாத வண்டியாயிற்றே. நான் ஜன்னலில் தலையை நீட்டி, "தூங்கிட்டே ரோட்டுக்கு வந்தியா? கண்ணைத் திறந்து பாரு" என்று வாயாலேயே ஹார்ன் அடித்தேன். சைக்கிள்காரர் போய்விட்டார். ஆனால் எதிர்க்கடையிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சார், இந்தக் குரலைத்தான் சார் தேடிட்டு இருக்கேன்."

அவரிடம் அமரர் ஊர்தி ஒன்று இருந்தது. எங்களுடையதே மாதிரி, அதே கம்பெனி, பின்பக்கம் இன்னும் நீட்டிக் கட்டியது. அவரும் பெட்டியைச் சர்ஜனிடம் கொடுத்து வாங்கியிருந்தார். அதிலிருந்து அவர் படும் பாட்டைத் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் தொழிலில் அதுதான் குரல்.

"முதல் சவாரி ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். வீட்டு வாசல்ல ஏத்திட்டுக் கிளம்பறோம். வண்டி அதட்டுது, 'எத்தனை தடவை சொல்றது, சீட் பெல்ட் போடு'ன்னு. அவங்க சம்சாரம் மயங்கி விழுந்துட்டாங்க. கடைசில ஒருத்தர் போய் அவருக்கு பெல்ட் கட்டிவிட்டார். ரெண்டாவது சவாரில ரெண்டு பிள்ளைங்க, வண்டிக்குள்ளயே வீடு யாருக்குன்னு சண்டை. வளைவுல திரும்பறேன், 'வாயை மூடிட்டு வேலையைப் பாரு'ன்னு ஒரு குரல். அப்பாவே பேசிட்டாருன்னு ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுது, வீட்டை அங்கயே பாதி பாதியாப் பேசி முடிச்சுட்டாங்க. இப்ப அந்தக் குடும்பம் ஊரெல்லாம் என் வண்டியைத்தான் சிபாரிசு பண்ணுது. ஆனா எனக்கு நெஞ்சு தாங்கல சார். போறவங்களை இப்படியா திட்டறது?"

அக்கா ஸ்டீரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த வாக்கியங்களை உயிரோடு இருக்கும் அக்காவிடம் சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. செத்தவர்களிடம் சொன்னதாகக் கேட்டபோது வெட்கமாக இருந்தது.

"அது எப்படி மாறும்? நான்தான் அடையாளம் வச்சேனே. அடியில, வலது மூலையில..."

"சிவப்புப் புள்ளியா?" என்றார் அவர். "என் மகளோட நகப்பூச்சு."

இரண்டு பேருமாகச் சர்ஜனிடம் போனோம். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. தட்டிலிருந்து ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிக் காட்டினார். எல்லாவற்றின் அடியிலும், வலது மூலையில், சிவப்புப் புள்ளி.

"எல்லாம் இப்படியேதான் வருது. கம்பெனி மார்க்குன்னு நெனச்சேன். அது இல்லாம வந்த ஒண்ணு ரெண்டுக்கு நானே வச்சுவிட்டேன்" என்றார்.

கடையில் நின்றிருந்த இன்னொரு வாடிக்கையாளர், கையில் இருந்த தன் பெட்டியை மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பெட்டிகளை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு வண்டிகளும் ஒரு முழு நாள் அங்கே நிற்க வேண்டும் என்று சர்ஜன் சொன்னார். நாளைக்குக் காலையில் அமரர் ஊர்திக்கு ஒரு சவாரி இருந்தது, எங்களுக்கு டெஸ்ட். நாளை மறுநாள் மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இந்த ஆமை வண்டியில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாஸ் செய்வாள். பிறகு அவரவர் பெட்டி அவரவருக்கு, யாருக்கு என்ன நஷ்டம்.

காலையில் டெஸ்ட் மைதானத்து வாசலில் அதில் மண் விழுந்தது. அங்கே இப்போது எல்லாம் மெஷின். ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி, பெட்டியைப் படித்து, பயிற்சி வண்டிதானா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அதிகாரி ஒயரைச் செருகினார். திரையைப் பார்த்தார். எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

"இது அமரர் ஊர்தி."

"சார், கண்ணால பாருங்க. முன்னாடி L போர்டு இருக்கு. உள்ள எனக்குத் தனி பிரேக் இருக்கு."

"கண்ணு சொல்றதை நான் எழுத முடியாது. மெஷின் சொல்றதைத்தான் எழுதணும். உங்க பள்ளி வண்டி எதுன்னு மெஷின் சொல்லுதோ அதைக் கொண்டாங்க. மத்தியானம் மூடிடுவோம்."

அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பரிசோதனைக்கூடத்துச் சீருடையிலேயே வந்திருந்தாள், பாஸ் செய்தால் நேராகப் போய்க் காட்டலாம் என்று. அதைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் பெட்டி, என் புள்ளி, என் கெட்டிக்காரத்தனம், போவது அவள் வேலை.

அமரர் ஊர்திக்காரருக்குப் போன் போட்டேன். "மயானத்துக்குக் கிளம்பிட்டோம் சார், நடு வழியில இருக்கேன்" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு ஒரு பெண்ணின் குரல் வந்தது, இறந்தவருடைய மகளாம்.

"டெஸ்ட் மைதானமா சொன்னீங்க? எங்கப்பா அங்க வந்து வந்து பெயிலாகி, கடைசி வரைக்கும் லைசென்ஸே வாங்கல. ஆறாத குறை அவருக்கு. வர்றோம். ஒரு தடவை அவரும் முழுசா சுத்திட்டுப் போகட்டும்."

கொஞ்ச நேரத்தில் கறுப்பு அமரர் ஊர்தி வந்தது. பின்னால் உறவினர்களின் கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தன. அதிகாரி ஒயரைச் செருகினார்.

"இதுதான் பயிற்சி வண்டி. முன்னாடியே கொண்டு வந்திருக்கலாமே" என்று திருப்தியாகச் சொன்னார். "பின்னாடி ஒருத்தர் இருக்காரு போல. பரவாயில்லை, பேசாம வந்தாச் சரி."

நான் என் வண்டியிலிருந்து L போர்டைக் கழற்றி, அமரர் ஊர்தியின் முன்னால், மலர் வளையத்துக்குக் கீழே கட்டினேன். அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தார். பயிற்சி கொடுப்பவன் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது சட்டம். நான் மேட்டுச் சரிவின் ஓரமாக வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது அவளிடம் இருப்பது ஆமை வண்டி இல்லை. முழு வேகமும் என் வாயும் உள்ள வண்டி.

முதலில் எட்டுப் போட வேண்டும். அக்கா மெதுவாக எடுத்தாள். உறவினர்கள் என்ன நினைத்தார்களோ, பழக்க தோஷத்தில் அவர்களும் பின்னாலேயே வந்தார்கள். அத்தனை கார்களும் விளக்கெரிய வரிசை குலையாமல் எட்டுப் போட்டன. அதிகாரி தடுக்கவில்லை. கோட்டைத் தொடாமல் வருகிறவர்களை எந்தச் சட்டப்படி தடுப்பது.

அடுத்தது மேடு. பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். அக்கா எப்போதும் விழும் இடம் அதுதான். நிறுத்தினாள். கிளப்பும் நேரத்தில் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கியது. திறந்திருந்த ஜன்னல் வழியாக என் குரல் வந்தது, நான் வாயைத் திறக்காமலே.

"பின்னாடி போகுது பாரு. உனக்கெல்லாம் எவன் வண்டி கொடுத்தான்?"

எனக்கு உயிரே போயிற்று. அது அவளை மனதில் வைத்துத்தான் பதிந்தது. இனி கிளட்சை விட்டுவிடுவாள், வண்டி உருளும், கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்குவாள்.

அக்கா முன்னால் பார்த்தபடியே சொன்னாள், "பின்னாடி போகல. நிக்குது. நீ பேசாம இரு. உள்ள ஒருத்தரு படுத்திருக்காரு, அவரைக் குலுக்காமக் கொண்டுபோகணும்."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "யாரும்மா பேசினது?"

"என் தம்பி சார்."

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "பின்னால இருக்கிறது உங்க தம்பியா? மன்னிச்சுக்கங்க, எனக்குத் தெரியாது."

"இல்ல சார், அவன் உயிரோடதான் இருக்கான். அதோ, வேலியைப் பிடிச்சிட்டு நிக்கறான்."

பிறகு அவள் கைப்பிரேக்கை விட்டாள். நரம்பைத் தேடி ஊசியை இறக்குவாளே, அதே கைதான். அந்த நீள வண்டி உள்ளே இருந்தவர் மேல் ஒரு பூகூட நகராமல் மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கியது. என் குரல் ஏதோ தொடங்கியது. "சரி சரி" என்று அக்கா சொன்னது கேட்டது, சமையலறையில் நின்றுகொண்டு கூடத்தில் இருப்பவருக்குச் சொல்கிற மாதிரி. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷமா அவமானமா என்று கேட்டால் இரண்டும்தான்.

பின்பக்கமாக நிறுத்திக் காட்டியதும் அதிகாரி கையெழுத்துப் போட்ட சீட்டை அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். இறந்தவரின் மகள் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவும் பாஸ்" என்றாள். அமரர் ஊர்திக்காரர் அதிகாரி விட்ட இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "பாதி வழியில டிரைவரை மாத்தறது அவங்களுக்கு நல்லா இருக்காதும்மா. நீங்களே கொண்டுவந்து விட்டுடுங்க" என்றார். அக்கா சரி என்று தலையசைத்து, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

நான் ஓடிப்போய் என் வண்டியில் ஏறி அவர்கள் பின்னால் போனேன். பெரிய சாலை வந்ததும் அக்கா கியரை மாற்றினாள். நான் எவ்வளவு மிதித்தும் என் வண்டி இருபத்தைந்திலேயே நின்றது. உறவினர்களின் கார்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. ஹார்னை அமுக்கினேன், சத்தமில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, மெதுவா, முன்னாடி வளைவு இருக்கு" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துத் தலை குனிந்து நின்றார்.

அவள் வளைவில் திரும்பி மறைந்தாள். இண்டிகேட்டர் போட்டாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. போட்டிருப்பாள்.